அடைப்புக்குறிக்குள் இருந்த பராமரிப்பாளர்: ‘இரண்டு வயது விதி’யின் மூலபாடமும் அதன் வாசிப்பும்

இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் திரையைக் காட்டக் கூடாது என்ற விதி குழந்தைகள் காப்பகம், பாலர் பள்ளி, குழந்தை மருத்துவரின் அறை என எங்கும் வழங்கிவருகிறது. அதன் மூலபாடம், அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 1999 ஆகஸ்டில் தனது ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியிட்ட ஊடகக் கல்வி பற்றிய கொள்கை அறிக்கை. அறிக்கையின் பெரும்பகுதி வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியது. கைக்குழந்தைகளுக்கென அதில் உள்ளது ஒரே ஒரு பரிந்துரை. நீளம் மூன்று வாக்கியம். அந்த மூன்று வாக்கியங்களையும் எப்படிப் படிப்பது என்பதைச் சுற்றியே பின்னாளைய விவாதம் சுழன்றது.

அவற்றுக்குத் தரப்பட்ட வாசிப்புகளில் செல்வாக்கு மிக்கது சியாட்டில் நகரக் குழந்தை மருத்துவர் டிமிட்ரி கிறிஸ்டாகிஸ் 2014இல் ‘ஜாமா பீடியாட்ரிக்ஸ்’ இதழில் எழுதிய சிறு கட்டுரையில் உள்ளது. திரைக்குப் பரிந்து பேசுபவர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. சிறுவயதுத் தொலைக்காட்சிக்கும் பிற்காலக் கவனக் குறைவுக்கும் உள்ள தொடர்பை 2004இல் ஆராய்ந்தவர் அவர். 8 முதல் 16 மாதக் குழந்தைகளிடம் மழலையர் வீடியோக்கள் அதிகமாகும் இடத்தில் சொல்வளம் குறைந்திருப்பதை 2007இல் சிம்மர்மன், மெல்ட்சாஃப் ஆகியோருடன் சேர்ந்து காட்டியவரும் அவரே. அந்த ஆய்வுக்காக டிஸ்னி நிறுவனத்தின் கடுமையான எதிர்ப்பையும் சந்தித்தார். இத்தகைய ஒருவர் விதியைத் தளர்த்தலாம் என்றபோது அந்தச் சொல்லுக்கு எடை கூடியதில் வியப்பில்லை.

அவருடைய வாதம் இதுதான். விதி தொலைக்காட்சிக்கு எழுந்தது. 2011இல் கழகம் அதைப் புதுப்பித்தபோதும் ஐபேடைக் கருத்தில் கொண்டு எழுதவில்லை. தொலைக்காட்சி தன்பாட்டுக்கு ஓடும், குழந்தை வெறுமனே பார்த்திருக்கும். தொடுதிரையோ விரல் பட்டதும் மறுமொழி தரும், குழந்தையின் வேகத்துக்கு ஏற்ப நகரும். பண்புகளை எண்ணிப் பார்த்தால் அது தொலைக்காட்சியைவிடக் கட்டைகள், பொம்மைகள் போன்ற விளையாட்டுப் பொருள்களுக்கே நெருக்கமானது. எனவே இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் நாளொன்றுக்கு 30 முதல் 60 நிமிடம் வரை நல்ல ஊடாட்டச் செயலிகளை அனுமதிக்கலாம்.

இந்த வாதம் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: 1999இன் தடைக்குக் காரணம் தொலைக்காட்சியின் ஒருவழித் தன்மை என்பதே அது. மூலபாடம் அப்படிச் சொல்லவில்லை.

முதல் வாக்கியம் தொலைக்காட்சியைத் தவிர்க்கும்படி பெற்றோரை வலியுறுத்துமாறு மருத்துவர்களைக் கேட்கிறது. மூன்றாவது அதே முடிவைத் திரும்பச் சொல்கிறது. காரணம் இரண்டாவது வாக்கியத்தில் இருக்கிறது. ஒளி, காட்சி வேகம், சும்மா பார்த்திருத்தல் ஆகிய எதையும் அது குறிப்பிடவில்லை. மூளை வளர்ச்சி ஆய்வுகளைச் சுட்டி, குழந்தைக்குப் பெற்றோருடனும் முக்கியமான பிற பராமரிப்பாளர்களுடனும் நேரடி உறவாடல் இன்றியமையாதது என்கிறது. ‘பிற பராமரிப்பாளர்கள்’ என்ற சொல்லை ஒட்டி ஓர் அடைப்புக்குறி திறக்கிறது. காப்பகங்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வோர் அதற்குள் எடுத்துக்காட்டாகக் குறிக்கப்படுகிறார்கள்.

விதியை எடுத்தாள்வோர் அந்த அடைப்புக்குறியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். கிறிஸ்டாகிஸின் வாதத்திலும் அதற்கு இடமில்லை. மருத்துவர் தம் அறையில் பேசப்போவது தாயிடமோ தந்தையிடமோதான். ‘பெற்றோர்’ என்று நிறுத்தியிருந்தாலே பரிந்துரைக்குப் போதும். இருந்தும் அறிக்கையை வரைந்தவர்கள் காப்பகத்து ஊழியரை வாக்கியத்துக்குள் கொண்டுவந்தார்கள். தாய்மார் பலர் வேலைக்குச் செல்ல, கைக்குழந்தைகள் பகல் முழுதும் காப்பகங்களில் வளர்ந்த காலம் அது. 1997 ஏப்ரலில் வெள்ளை மாளிகையே மழலைப் பருவ வளர்ச்சி பற்றி மாநாடு கூட்டியிருந்தது. ‘எடுத்துக்காட்டாக’ என்ற சுருக்கக் குறியோடு வரும் ஒரு சொல்லுக்கு இவ்வளவு பொருள் ஏற்றலாமா என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் தாத்தா பாட்டி, அண்டை வீட்டார், மூத்த பிள்ளைகள் என எத்தனையோ பேர் இருக்க, ஊதியம் பெற்றுப் பிறர் குழந்தையைப் பார்ப்பவரையே எடுத்துக்காட்டாக்கியது தற்செயல் என்று கொள்வது கடினம். விதி காக்க முனைந்தது குழந்தைக்கும் அதைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கும் இடையிலான உறவை. அந்தப் பெரியவர் தாயாக இருக்கலாம், காப்பகத்து ஆயாவாகவும் இருக்கலாம்.

இதே பரிந்துரையில் தீராத சிக்கல் ஒன்றும் உண்டு. இந்த வயதினரை நோக்கிச் சில நிகழ்ச்சிகள் விளம்பரப்படுத்தப்படலாம் என்று பாடம் பெயர் சுட்டாமல் சொல்கிறது. அமெரிக்கப் பொது ஒளிபரப்பில் 1998 ஏப்ரலில் தொடங்கிய ‘டெலிடப்பீஸ்’ இங்கு குறிக்கப்படுகிறது என்று கொள்வது எளிது. ஆனால் ‘பேபி ஐன்ஸ்டைன்’ ஒளிநாடா அதற்கு முன்பே கடைகளில் இருந்தது. பாடத்தில் உள்ளது வெளியீட்டுத் தேதி மட்டுமே. வரைவு எழுந்த காலத்தை அதிலிருந்து கணிக்க இயலாது. எந்த நிகழ்ச்சியை மனத்தில் வைத்து எழுதினார்கள் என்ற கேள்வியைத் திறந்தே விட வேண்டியிருக்கிறது.

2011 அக்டோபரில் வந்த புதிய அறிக்கையில் ‘தொலைக்காட்சி’ என்ற சொல் ‘ஊடகம்’ என்று விரிந்தது. ஐபேட் விற்பனைக்கு வந்தது 2010 ஏப்ரலில். புதிய கருவியை ஆராயாமலே சொல்லை அகலப்படுத்தினார்கள் என்ற கிறிஸ்டாகிஸின் குறை இந்த அளவுக்குச் சரி. ஆயினும் அதே அறிக்கை பின்னணித் தொலைக்காட்சியையும் பேசியது. 2009இல் கிர்கோரியனும் உடனாய்வாளர்களும் நடத்திய ஆய்வில், 1 முதல் 3 வயது வரையான குழந்தைகள் பெற்றோருடன் ஒரு மணி நேரம் விளையாடினர். அதில் பாதி நேரம் பெரியவர்களுக்கான நிகழ்ச்சி ஒன்று அறையில் ஓடியது. அப்போது பெற்றோர் பேசியதும் குறைந்தது, பேச்சின் தரமும் குறைந்தது. அந்த நிகழ்ச்சி குழந்தைக்கு உரியதே அல்ல. குழந்தை சும்மா பார்த்திருப்பதுதான் கேடு என்ற வாசிப்பால் இந்தப் பாதிப்பை விளக்க முடியாது. பெரியவரின் கவனம் குழந்தையிடமிருந்து பிரிந்ததே கேடு என்று கொண்டால் விளக்கம் எளிது.

கிறிஸ்டாகிஸின் கட்டுரை வந்த 2014இலேயே ரோஸ்பெரி, ஹிர்ஷ்-பாசெக், கோலிங்காஃப் ஆகியோரின் பரிசோதனையும் வெளியானது. 24 முதல் 30 மாதம் வரையான 36 குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்கள் கற்பிக்கப்பட்டன. ஒரு குழுவுக்கு ஆசிரியர் நேரில். இன்னொரு குழுவுக்கு வீடியோ அழைப்பில். மூன்றாம் குழுவுக்குக் காட்டப்பட்டது ஆசிரியர் வேறொரு குழந்தையுடன் வீடியோ அழைப்பில் பேசியதன் பதிவு. முதல் இரண்டு குழுக்களும் சொற்களைக் கற்றன, மூன்றாவது கற்கவில்லை. இரண்டாம், மூன்றாம் குழுக்கள் கண்டது அதே திரை, அதே முகம். பதிவிலிருந்த ஆசிரியர் கேள்வி கேட்டுக் காத்திருந்தது வேறொரு குழந்தையின் பதிலுக்காக. தன் பார்வைக்கும் சொல்லுக்கும் மறுமொழி தரும் ஆள் எதிரில் இருந்தாரா என்பதே குழந்தைக்குக் கணக்கில் பட்டது.

2016 அக்டோபரில் கழகம் விதியைத் திருத்தியபோது கிறிஸ்டாகிஸ் கேட்ட தளர்வு முழுமையாகக் கிடைக்கவில்லை. 18 மாதத்துக்கு உட்பட்டோருக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே விலக்கு வீடியோ அழைப்பு; தொடுதிரைச் செயலிகளுக்கு விலக்கு இல்லை. 18 முதல் 24 மாதம் வரை தரமான நிகழ்ச்சிகளைப் பெரியவர் உடனிருந்து காட்டலாம், தனியே பார்க்க விடக் கூடாது. 2 முதல் 5 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரம். 15 மாதக் குழந்தைகள்கூடத் தொடுதிரையிலிருந்து சொல் கற்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியதை அறிக்கை ஒப்புக்கொண்டது. கற்றதைத் திரைக்கு வெளியே பயன்படுத்த அவர்கள் தடுமாறுவதையும் சேர்த்துச் சொன்னது. ஊடாட்டம் பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் விலக்கு பெற்றது திரைக்கு அப்பால் இருந்த மனிதர்.

காப்பகங்களுக்கான வழிகாட்டிகள் இதை முன்னரே கண்டிருந்தன. 2011இல் வெளியான, அமெரிக்கக் காப்பகங்களுக்கான சுகாதார, பாதுகாப்புத் தரநிலை நூலின் மூன்றாம் பதிப்பு இரண்டு வயதுக்குள் திரையை அறவே தடுத்தது. அதற்கு மேல் வாரம் ஒரு முறை 30 நிமிடம் என்றது. அமெரிக்காவின் இளஞ்சிறார் கல்விக்கான தேசியச் சங்கமும் ஃப்ரெட் ரோஜர்ஸ் மையமும் 2012இல் இணைந்து வெளியிட்ட அறிக்கை, கிறிஸ்டாகிஸ் வலியுறுத்திய ஒருவழி, ஊடாட்டப் பிரிவினையை அவருக்கு முன்பே கையாண்டது. அதோடு நில்லாமல், இரண்டு வயதுக்குள் ஊடாட்டக் கருவியையும் பராமரிப்பாளர், குழந்தை உறவை வலுப்படுத்தும் அளவுக்கே வைக்கச் சொன்னது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டியில் எண்கள் ஏறத்தாழ கழகத்தின் 2016 அறிக்கையில் உள்ளவையே. அங்கு காரணம் மாறிவிட்டது: பேச்சு அசையாமல் உட்கார்ந்திருக்கும் நேரத்தைப் பற்றியது. அப்படி உட்காரும் நேரத்திலும் பராமரிப்பவருடன் கதை கேட்பதையே அது பரிந்துரைக்கிறது.

பெரியவரை விதியின் நடுவில் வைத்தால் அவர் கையிலுள்ள கருவியும் விதிக்குள் வந்தாக வேண்டும். அந்த மாற்றம் பாதுகாப்பின் வழியாக வந்தது. இங்கிலாந்தின் பிளைமவுத்தில் காப்பகம் ஒன்றில் நிகழ்ந்த கொடுமைகளும் அவற்றைக் கைப்பேசியில் படமெடுத்ததும் 2009இல் வெளிப்பட்டன. அந்தப் பின்னணியில், மழலையர் பராமரிப்புக்கான அந்நாட்டின் 2012ஆம் ஆண்டுச் சட்டப்பூர்வக் கட்டமைப்பு ஒவ்வொரு காப்பகத்தின் பாதுகாப்புக் கொள்கையிலும் கைப்பேசி, கேமரா பற்றிய விதி இருக்க வேண்டும் என்றது. 2021இன் பாடத்தில் படமெடுத்துப் பகிரக்கூடிய பிற மின்னணுக் கருவிகளும் சேர்ந்தன. ஆஸ்திரேலியாவின் 2024 ஜூலை மாதிரி நெறிமுறை இன்னும் ஒரு படி சென்றது: குழந்தைகளைப் படமெடுக்க நிறுவனம் வழங்கும் கருவி மட்டுமே பயன்பட வேண்டும், நேரடிப் பராமரிப்பில் உள்ளவர் சொந்தக் கைப்பேசியை வைத்திருக்கக் கூடாது. 2025 செப்டம்பர் 1 முதல் அங்கு டிஜிட்டல் கருவிகளின் பாதுகாப்பான பயன்பாடு பற்றிய கொள்கை ஒவ்வொரு காப்பகத்துக்கும் கட்டாயம். இந்த ஆவணங்கள் 1999இன் பரிந்துரையிலிருந்து கிளைத்தவை என்று நிறுவச் சான்று போதாது. இரண்டு மரபுகளும் தனித்தனியே ஒரே மனிதரிடம் வந்து சேர்ந்தன என்பது வரை சொல்லலாம்.

இந்தியக் குழந்தைநல மருத்துவர் கழகத்தின் வழிகாட்டியும் இரண்டு வயதுக்குள் திரையை விலக்கி, உறவினருடன் எப்போதாவது பேசும் வீடியோ அழைப்பை மட்டும் அனுமதிக்கிறது. அங்கன்வாடியிலோ 2021 முதல் ‘போஷன் டிராக்கர்’ செயலியில் பதிவு செய்வது ஊழியரின் அன்றாட வேலை. குழந்தைகளோடு இருக்கும் நேரத்தில் அவர் கையில் கைப்பேசி இருந்தே ஆக வேண்டும். ஆஸ்திரேலிய நெறிமுறைபோல் பணிக்கான கருவியையும் சொந்தக் கருவியையும் பிரிப்பது இங்கே உடனடித் தேவை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதைத் தடுக்கிறது. அதன்கீழ் 2025 நவம்பரில் வந்த விதிகளின் நான்காம் அட்டவணை, காப்பகத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவருக்கு, அவர்களின் பாதுகாப்புக்காகச் செய்யும் கண்காணிப்பு அளவில் விலக்களிக்கிறது. 1999இல் அடைப்புக்குறிக்குள் இருந்தவருக்கு அந்த அட்டவணையில் தனி வரி இருக்கிறது.