ஜே.டி.டி. 12-வது முறையும் வெல்லுமா? புதிய பருவத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியவை

மலேசிய சூப்பர் லீக் காற்பந்துப் போட்டியின் 2025/26 பருவம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. "இந்த முறை கிண்ணம் யாருக்கு?" என்று ஜோகூரில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்பதுதான் பதிலாக வரும். 2014 முதல் 2024/25 பருவம் வரை தொடர்ந்து 11 முறை லீக்கை வென்ற அணி ஜோகூர் டாருல் தக்சிம், சுருக்கமாக ஜே.டி.டி.

ஜே.டி.டி. அல்லாத ஓர் அணி கடைசியாக வென்றது 2013-இல். அதுவும் மலேசிய அணி இல்லை, சிங்கப்பூரின் லயன்ஸ் 12. நீங்கள் இப்போது இடைநிலைப் பள்ளி மாணவர் என்றால், வேறொரு மலேசிய அணி வென்றதை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை.

அப்படியானால் இந்தப் பருவத்தில் பார்க்க என்ன இருக்கு? நிறையவே இருக்கு.

ஏன் இவ்வளவு இடைவெளி?

முதல் காரணம் பணம். ஆனால் பணம் மட்டும் இல்லை. துங்கு இஸ்மாயில் சுல்தான் இப்ராஹிம் தலைமையில் 2013-இல் ஜே.டி.டி. என்ற பெயரோடு களமிறங்கிய அணி, திடல், பயிற்சி வசதி, இளையோர் அணிகள் என எல்லாவற்றிலும் முதலீடு செய்தது. லார்க்கின் அரங்கத்தில் ஆடிக்கொண்டிருந்த அணிக்கு 2020-இல் இஸ்கண்டார் புத்ரியில் சுல்தான் இப்ராஹிம் அரங்கம் கிடைத்தது. சுமார் 40,000 பேர் உட்காரலாம்.

2024/25 பருவத்தில் 24 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட ஜே.டி.டி. தோற்கவில்லை. எப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் இரண்டும் அதன் கைக்கே வந்தன.

புதிதாக என்ன மாற்றம்?

பயிற்றுநர் மாறியிருக்கிறார். எக்தோர் பிடோக்லியோவுக்குப் பதிலாக ஸ்பெயின் நாட்டவர் சிஸ்கோ முனியோஸ் பொறுப்பேற்றுள்ளார். 2021-இல் இங்கிலாந்தின் வாட்ஃபோர்ட் அணியைப் பிரீமியர் லீக்கிற்கு உயர்த்தியவர் இவர். கோல் அடிக்க பிரேசில் தாக்குதல் ஆட்டக்காரர் பெர்க்சனும், வலது ஓரத்தில் மிரட்ட அரிஃப் ஐமானும் இருக்கிறார்கள். சிலாங்கூர், சபா, கூச்சிங் சிட்டி போன்ற அணிகள் ஓரிரு ஆட்டங்களில் தொல்லை கொடுக்கலாம். ஆனால், பருவம் முழுக்க ஈடுகொடுப்பது ரொம்பவே கஷ்டம்.

யாரெல்லாம் இல்லை?

இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. ஸ்ரீ பகாங்கும் பேராக்கும் விலகிவிட்டன. இவை ஏதோ பேருக்கு இருந்த அணிகள் இல்லை. 2004-இல் சூப்பர் லீக் தொடங்கியபோது முதல் வெற்றியாளர் பகாங். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் தேசிய லீக்கை வென்றது பேராக். கெடாவோ 2007, 2008 என அடுத்தடுத்து வென்றது.

எண்ணிக்கை குறையவில்லை. மலாக்கா, குடிநுழைவுத் துறை அணி, புருணையின் டி.பி.எம்.எம். உட்பட 13 அணிகள் மோதுகின்றன. ஆனால் சம்பளப் பாக்கி என்ற செய்தி பருவத்துக்குப் பருவம் வந்துகொண்டே இருக்கும் ஒரு லீக்கில், ஓர் அணி காணாமல் போனால் அங்குள்ள ஆட்டக்காரர்களுக்கு வேலை போகிறது. அந்த மாநிலப் பிள்ளைகளுக்கு ஆடிப் பார்க்கும் வாசலும் அடைபடுகிறது.

இதில் ஜே.டி.டி.க்கு என்ன நட்டம்?

எதிராளி பலவீனமானால் வெற்றி சுலபம்தானே என்று தோன்றும். ஆசிய மேடையில்தான் சிக்கல் தெரியும். 2015-இல் ஏ.எப்.சி. கிண்ணத்தை வென்று, அதைக் கைப்பற்றிய முதல் தென்கிழக்காசிய அணி ஆனது ஜே.டி.டி. 2024/25 ஆசிய சாம்பியன்ஸ் லீக் எலிட் போட்டியில், தென்கொரியாவின் உல்சானை 3-0 என வீழ்த்திக் கிழக்குப் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது.

ஆனால் 16 அணிகள் சுற்றில் தாய்லாந்தின் புரிராம் வழிமறித்தது. முதல் ஆட்டம் 0-0. சொந்தத் திடலில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 0-1. ஒரே ஒரு கோல், கதை முடிந்தது. வாரக்கடைசியில் நான்கைந்து கோல் அடித்து ஜெயித்துப் பழகிய அணிக்கு, ஒரு கோல் பின்தங்கி நிற்கும் நெருக்கடியைச் சமாளிக்கும் பயிற்சி உள்ளூரில் எங்கே கிடைக்கும்?

நம் பிள்ளைகளுக்கு இடம் உண்டா?

எஸ். குணாளன், எஸ். சந்துரு ஆகியோர் ஜே.டி.டி. சட்டை அணிந்து ஆடியதைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். இப்போது ஸ்பெயினிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வரும் ஆட்டக்காரர்களால் முதல் பதினொருவரில் உள்ளூர் இளைஞர் நுழைவது முன்பைவிடக் கடினம். ஆசிய எலிட் போட்டியில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு உச்சவரம்பும் கிடையாது. ஆசியாவில் ஜெயிக்க இது தேவை என்பது நியாயம்தான். ஜோகூர் பையன் எங்கே ஆடுவான் என்று கேட்பதும் நியாயம்தான். மற்ற மாநில அணிகள் உயிரோடு இருந்தால் அவன் அங்காவது ஆடலாம்.

ஆக, எதைக் கவனிக்கலாம்?

12-வது பட்டம் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். அதைவிட மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஆசியாவில் காலிறுதிக்கு முன்னேறுகிறதா? முனியோஸ் எத்தனை உள்ளூர் இளைஞர்களுக்கு நிமிடங்கள் தருகிறார்? பருவம் முடியும்போது 13 அணிகளும் சம்பளம் கொடுத்து நிற்கின்றனவா? மூன்றாவதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால், ஜே.டி.டி. ரசிகர்களும் கவலைப்பட வேண்டியதுதான்.