குதிரைப் பந்தயத்தில் ஊக்கமருந்துத் தடை: விதிகளும் தண்டனைகளும் நியாயமும்

பந்தயக் குதிரையின் வேகம், தாங்கும் ஆற்றல், வலியை உணரும் திறன் ஆகியவற்றை மாற்றக்கூடிய பொருளை அதன் உடலில் செலுத்திப் பந்தயத்தில் ஓடவிடுவது ஊக்கமருந்துக் குற்றம் எனப்படுகிறது. வேகத்தைக் கூட்டும் மருந்து மட்டுமன்றி, வேகத்தைக் குறைக்கும் மருந்தும் வலியை மறைக்கும் மருந்தும் இதில் அடங்கும். மனித விளையாட்டு வீரர் தாம் உட்கொள்வது என்ன என்பதைக் கேட்டறியலாம். வேண்டாம் என்று மறுக்கவும் செய்யலாம். குதிரைக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனவே குதிரையின் உடலில் மருந்து கண்டறியப்பட்டால் யாரைத் தண்டிப்பது, எவ்வளவு தண்டிப்பது என்ற கேள்வி நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பந்தய உலகில் விவாதிக்கப்பட்டு வருகிறது.

செஞ்சியும் குதிரையும்

தமிழகத்தில் குதிரை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் ஊர் செஞ்சி. விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சிக் கோட்டையில் இராஜகிரி மலையின் அடிவாரத்தில் கல்யாண மகாலை அடுத்துக் குதிரை லாயங்களின் கட்டடங்கள் இன்றும் உள்ளன. 2025ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த மராத்தியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டில் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி மட்டுமே.

1714ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையுடன் போரிட்டு இளம் வயதிலேயே மாண்ட தேஜ்சிங், மக்கள் வழக்கில் தேசிங்கு ராஜன் ஆனார். அவரைப் பற்றிய கதைப்பாடலின் தொடக்கமே ஒரு குதிரைச் சோதனைதான். தில்லி பாதுஷாவிடம் எவருக்கும் அடங்காத குதிரை ஒன்று இருந்தது. அதை அடக்க முடியாமல் தேசிங்கின் தந்தை சிறைப்பட்டார். இளைஞனான தேசிங்கு அதன்மீது ஏறி அடக்கித் தந்தையை மீட்டார். கதைப்பாடல் அந்தக் குதிரையைப் பாராசாரி என்று அழைக்கிறது. வரலாற்று ஆதாரமாகக் கொள்ள முடியாவிட்டாலும், குதிரையைப் பற்றிய மக்களின் மதிப்பீட்டை இக்கதை தெளிவாகக் காட்டுகிறது. குதிரையின் இயல்பான வலிமை ஒன்று, ஏறுபவரின் திறமை மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்து பெறுவதே வெற்றி. ஊக்கமருந்துத் தடையின் அடிப்படைக் கருத்தும் இதுவே.

குதிரையின் உடல்நிலை அதற்குக் கொடுக்கப்படும் தீனியைப் பொறுத்தது என்பதும் தமிழகம் பழங்காலத்திலேயே பட்டு அறிந்த செய்தி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கடல்வழியே இறக்குமதி செய்ததையும், வேகவைத்த அரிசியை இறைச்சியோடு கலந்து கொடுத்தும் சரியான பராமரிப்பு இல்லாமலும் அவற்றுள் பெரும்பாலானவை இறந்ததையும் எழுதியுள்ளார். தீனியால் வரும் சிக்கல் இன்றைய ஊக்கமருந்து வழக்குகளிலும் மீண்டும் மீண்டும் எழுவதைப் பின்னர் காணலாம்.

தடை பிறந்த வரலாறு

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த சில பயிற்சியாளர்கள் கொக்கெய்ன் போன்ற பொருள்களைக் குதிரைகளுக்குக் கொடுத்துப் பெரும் பந்தயப் பணத்தை ஈட்டினர். அப்போது அதைத் தடுக்க விதி எதுவும் இல்லை. ஜார்ஜ் லாம்ப்டன் என்ற ஆங்கிலேயப் பயிற்சியாளர், இதன் கேட்டை எடுத்துக்காட்டுவதற்காக, முன்கூட்டியே அறிவித்துவிட்டுத் தம் குதிரைகளுக்கே மருந்து கொடுத்து ஓடவிட்டார். அதன்பின் 1903இல் இங்கிலாந்தின் ஜாக்கி கிளப் ஊக்கமருந்தைத் தடை செய்தது. 1910 வாக்கில் ஆஸ்திரியாவில் குதிரையின் உமிழ்நீரைச் சோதித்துச் சிலவகை மருந்துகளைக் கண்டறியும் முறை நடைமுறைக்கு வந்தது.

சோதனை வந்ததும் அடுத்த கேள்வி எழுந்தது. குதிரையின் உடலில் மருந்து இருக்கிறது என்று சோதனை சொல்லும். அதைக் கொடுத்தவர் யார் என்று சொல்லாது. லாயத்துக்குள் பயிற்சியாளர், ஜாக்கி, கால்நடை மருத்துவர், குதிரைக்காரர், தீனி கொண்டு வருபவர் எனப் பலரும் வந்து போகின்றனர். சூதாட்டக்காரர் அனுப்பிய ஆளும் இரவில் நுழையக்கூடும். இந்தச் சிக்கலுக்குப் பந்தய அமைப்புகள் கண்ட தீர்வு, எல்லாப் பொறுப்பையும் பயிற்சியாளர்மீது சுமத்துவது. மருந்து கொடுத்தவர் யாராயினும், குதிரை தம் பாதுகாப்பில் இருந்ததால் பயிற்சியாளரே பொறுப்பு என்பது இவ்விதி. இது முழுப்பொறுப்பு விதி எனப்படும்.

இவ்விதியின் கடுமைக்கு 1930ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்று. இங்கிலாந்தின் கெம்ப்டன் பார்க் களத்தில் டான் பாட் என்ற குதிரை வென்றது. அதன் உடலில் காஃபீன் கண்டறியப்பட்டது. பயிற்சியாளர் சார்லஸ் சாப்மன் அதைக் கொடுத்தார் என்று எவரும் நிறுவவில்லை. இருந்தும் அவர் பந்தயக் களங்களிலிருந்து விலக்கப்பட்டார். அந்த அறிவிப்பைப் படித்தவர்கள் அவரே மருந்து கொடுத்தார் என எண்ணும்படி இருந்ததாக அவர் அவதூறு வழக்குத் தொடுத்தார். ஜூரிகள் அவருக்கு 16,000 பவுண்டு இழப்பீடு வழங்கினர். ஆனால் 1932இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நிலைநிறுத்தவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்ற பழமொழிக்கு ஏற்ற நிலை இது. கவனக்குறைவுக்கும் ஏமாற்று வேலைக்கும் ஒரே தண்டனை தருவது முறையல்ல என்ற எண்ணம் வலுப்பெற்று, இங்கிலாந்தில் இவ்விதி தளர்த்தப்பட 1960கள் வரை காலம் பிடித்தது.

வழக்குகள் காட்டும் வேறுபாடுகள்

1968ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியில் முதலாவதாக வந்த டான்சர்ஸ் இமேஜ் என்ற குதிரையின் சிறுநீரில் பினைல்பியூட்டசோன் என்ற வலிநீக்கி கண்டறியப்பட்டது. அதன் முதலிடம் பறிக்கப்பட்டது. உரிமையாளர் நீதிமன்றம் சென்றார். 1970இல் கீழ்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1972இல் மேல்நீதிமன்றம் அதை மாற்றியது. சில ஆண்டுகளில் கென்டக்கி மாநிலமே அம்மருந்தை அனுமதித்தது. ஒரே பொருள் ஓர் ஆண்டில் குற்றமாகவும் வேறோர் ஆண்டில் அனுமதிக்கப்பட்ட சிகிச்சையாகவும் கருதப்படலாம் என்பதை இவ்வழக்கு காட்டியது.

2004ஆம் ஆண்டு ஏதென்சு ஒலிம்பிக்கில் தடைதாண்டும் குதிரையேற்றப் போட்டியில் அயர்லாந்தின் சியன் ஓகானர் தங்கம் வென்றார். அவருடைய குதிரையின் உடலில் மனநோய்க்கான மருந்துகள் கண்டறியப்பட்டன. உறுதிப்படுத்துவதற்காக வைத்திருந்த சிறுநீரின் இரண்டாம் மாதிரி, பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டு செல்லும் வழியில் திருடப்பட்டது. விசாரணைக் குழு, ஓகானர் ஏமாற்றும் நோக்கத்துடன் செயல்படவில்லை என்று ஏற்றுக்கொண்டது. எனினும் பதக்கம் திரும்பப் பெறப்பட்டது. அவருக்கு விதிக்கப்பட்ட தடை 3 மாதம் மட்டுமே.

2014ஆம் ஆண்டு இங்கிலாந்தின் அஸ்காட் தங்கக் கோப்பையில் இரண்டாவதாக வந்த எஸ்டிமேட் என்ற குதிரை, இரண்டாம் எலிசபெத் அரசிக்குச் சொந்தமானது. அதன் மாதிரியில் மார்ஃபீன் இருந்தது. தீனியில் கசகசாச் செடியின் கலப்பு ஏற்பட்டதே காரணம் என்று முடிவு செய்யப்பட்டது. அரசியின் குதிரை என்பதற்காக விதி வளையவில்லை. இரண்டாம் இடமும் பரிசுத் தொகையும் பறிக்கப்பட்டன. பயிற்சியாளர் தவறு செய்யவில்லை என்பதால் அவருக்கு அபராதம் விதிக்கப்படவில்லை.

இதற்கு நேர்மாறானது 2013இல் இங்கிலாந்தில் நடந்த நிகழ்வு. மஹ்மூத் அல் சரூனி என்ற பயிற்சியாளர் பல குதிரைகளுக்குத் தெரிந்தே தசை வளர்க்கும் ஸ்டீராய்டுகளைக் கொடுத்தது வெளிப்பட்டது. அவருக்கு 8 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது.

2021ஆம் ஆண்டு கென்டக்கி டெர்பியில் முதலிடம் பெற்ற மெடினா ஸ்பிரிட் குதிரையின் மாதிரியில் பீட்டாமெத்தசோன் மிக நுண்ணிய அளவில் காணப்பட்டது. தோல் நோய்க்குப் பூசிய களிம்பிலிருந்து வந்தது, ஊசியாகச் செலுத்தவில்லை என்று பயிற்சியாளர் தரப்பு வாதிட்டது. சிகிச்சைக்கு இம்மருந்து அனுமதிக்கப்பட்டதே. ஆனால் பந்தய நாளில் உடலில் இருக்கக் கூடாது. எவ்வழியில் வந்தது என்பதை விதி கேட்பதில்லை. 2022 பிப்ரவரியில் முதலிடம் பறிக்கப்பட்டது. பயிற்சியாளருக்கு 90 நாள் தடையும் 7,500 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2021 டிசம்பரில், பயிற்சி ஓட்டத்தின்போது அக்குதிரை இறந்துவிட்டது.

சோதனையின் நுட்பமும் அதன் எல்லையும்

பந்தயம் முடிந்ததும் வென்ற குதிரையிடமிருந்தும் நடுவர்கள் தேர்ந்தெடுக்கும் பிற குதிரைகளிடமிருந்தும் சிறுநீர் அல்லது இரத்த மாதிரி எடுக்கப்படுகிறது. பயிற்சியாளரின் சார்பில் ஒருவர் முன்னிலையில் அது இரண்டாகப் பிரித்து முத்திரையிடப்படுகிறது. முதல் மாதிரியில் தடைப்பொருள் தெரிந்தால், பயிற்சியாளர் இரண்டாம் மாதிரியைச் சோதிக்குமாறு கேட்கலாம். இந்தியாவில் புது தில்லியிலுள்ள தேசிய ஊக்கமருந்துப் பரிசோதனைக்கூடம் குதிரைகளின் மாதிரிகளையும் சோதிக்கிறது.

இன்றைய கருவிகள் ஒரு கிராமில் இலட்சம் கோடியில் ஒரு பங்கைக்கூடக் கண்டறிகின்றன. இவ்வளவு சிறிய அளவு குதிரையின் ஓட்டத்தை மாற்றாது. எனவே, இயற்கையாகவோ தீனி வழியாகவோ உடலில் சேரக்கூடிய பொருள்களுக்குப் பன்னாட்டு அமைப்பு உச்ச வரம்புகளை வகுத்துள்ளது. எடுத்துக்காட்டாக, கோக்கோவிலுள்ள தியோபுரோமின் சிறுநீரில் ஒரு மில்லி லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் வரையிலும், கரியமில வாயு பிளாஸ்மாவில் ஒரு லிட்டருக்கு 36 மில்லிமோல் வரையிலும் ஏற்கப்படுகின்றன. சோடா உப்பைக் கரைத்துக் குழாய்வழி வயிற்றில் செலுத்தித் தசைச் சோர்வைத் தள்ளிப்போடும் தந்திரத்தைப் பிடிப்பதற்கே இரண்டாவது வரம்பு.

சிகிச்சையும் ஏமாற்றும் ஒன்றோடொன்று கலக்கும் இடமும் உண்டு. புரோக்கெய்ன் என்பது உடலின் ஒரு பகுதியை மரத்துப்போகச் செய்யும் மருந்து. கால்வலியுள்ள குதிரைக்கு அதைக் கொடுத்து ஓடவிட்டால் எலும்பு முறிந்து குதிரையும் ஜாக்கியும் உயிரிழக்க நேரலாம். அதே புரோக்கெய்ன் ஒருவகைப் பென்சிலின் ஊசியிலும் சேர்க்கப்படுகிறது. 2017இல் பெங்களூரு பந்தயக் களத்தில் வென்ற குதிரை ஒன்றின் மாதிரியில் இப்பொருள் கண்டறியப்பட்டது பெரும் சர்ச்சையாகிக் காவல்துறை வரை சென்றது.

சென்னையும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும்

சென்னை கிண்டியில் 18ஆம் நூற்றாண்டிலேயே குதிரைப் பந்தயம் நடந்துள்ளது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. 1974இல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தையும் அதன்மீது பணம் கட்டுவதையும் ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1986இல் கிளப்பை அரசே ஏற்கும் சட்டமும் வந்தது. கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சாவளி, பயிற்சி, முந்தைய ஓட்டங்கள், ஜாக்கியின் திறன் ஆகியவற்றை ஆராய்ந்தே பணம் கட்டப்படுகிறது. எனவே இது அதிர்ஷ்டத்தை நம்பும் சூதாட்டம் அன்று, திறமை சார்ந்த விளையாட்டு என்று நீதிமன்றம் கூறியது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது எனவும் அறிவித்தது. பின்னர் 2024இல் அரசு கிண்டி நிலத்தின் குத்தகையை இரத்து செய்தது தனி வழக்கானது.

இத்தீர்ப்புக்கும் ஊக்கமருந்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பந்தயம் சட்டப்படி நிற்பதே அது திறமையின் ஆட்டம் என்ற தூணின்மீதுதான். மருந்து கொடுக்கப்பட்ட குதிரையின் ஓட்டம் அதன் உண்மையான திறனைக் காட்டாது. அதை நம்பி ஆராய்பவரின் திறமையும் பயனற்றுப் போகிறது. ஆகவே ஊக்கமருந்துத் தடையை ஒரு கிளப்பின் உள்விவகாரமாகக் கருத முடியாது.

எது நியாயம்?

மேற்கண்ட வழக்குகளை ஒப்பிட்டால் இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டியது தெரிகிறது. ஒன்று, பந்தய முடிவு. மருந்துடன் ஓடிய குதிரையின் வெற்றியை நீக்குவது, தூய்மையாக ஓடிய மற்றக் குதிரைகளுக்குச் செய்யும் நீதி. அதற்கு எவருடைய குற்றத்தையும் நிறுவ வேண்டியதில்லை. மற்றொன்று, மனிதருக்கான தண்டனை. அது குற்றத்தின் அளவுக்கு ஏற்ப அமைய வேண்டும். எஸ்டிமேட் வழக்கில் இவ்விரண்டும் சரியாகப் பிரிக்கப்பட்டன. சாப்மன் வழக்கில் அவை குழம்பியதால் ஒரு மனிதரின் பிழைப்பும் பெயரும் கெட்டன.

முழுப்பொறுப்பு விதியை அடியோடு நீக்குவதும் தீர்வாகாது. கொடுத்தவரைக் கண்டுபிடித்தால்தான் தண்டனை என்றால், தெரியாது என்று சொல்லியே எல்லோரும் தப்பிவிடுவர். தீனியைச் சோதிப்பது, மருந்துப் பதிவேடு வைப்பது, லாயத்துக்குக் காவல் போடுவது போன்ற கடமைகளை முறையாகச் செய்ததாகப் பயிற்சியாளர் காட்டினால் தண்டனையைக் குறைப்பது நடுநிலையான வழி.

சில குறைகள் இன்னும் தீரவில்லை. சோதனை முடிவு வருவதற்குள் பந்தயப் பணம் பட்டுவாடா ஆகிவிடுகிறது. நேர்மையாக ஓடிய குதிரைமீது பணம் கட்டியவருக்கு, முடிவு பின்னர் மாறினாலும், எதுவும் கிடைப்பதில்லை. பயிற்சியாளர் வழக்கறிஞரை அமர்த்தலாம். பழி தம்மீது விழுந்தால் குதிரைக்காரருக்கு அந்த வசதி இல்லை. இந்தியாவில் அந்தந்தக் கிளப்பே பந்தயம் நடத்தி, விதி வகுத்து, விசாரித்துத் தண்டிக்கவும் செய்கிறது. இங்கிலாந்தில் 2007 முதல் பந்தய ஒழுங்கைக் கவனிக்கத் தனி ஆணையம் உள்ளது. அமெரிக்காவில் 2020இல் நாடு முழுவதற்கும் சட்டம் இயற்றப்பட்டு, 2023 மே மாதம் முதல் பொதுவான ஊக்கமருந்துத் தடை விதிகள் நடைமுறையில் உள்ளன. அங்கு திட்டமிட்டு மருந்து கொடுத்த பயிற்சியாளர்கள் சிறைக்கும் சென்றுள்ளனர்.

இந்த விவாதங்களில் தடை, அபராதம், பரிசுப் பணம் ஆகியவையே பெரிதும் பேசப்படுகின்றன. வலி தெரியாமல் ஓடவைக்கப்பட்டுக் கால் முறியும் குதிரை எந்த விசாரணையிலும் சாட்சி சொல்ல வருவதில்லை. மருந்து கொடுத்தவரைத் தேடும் விசாரணை, அந்தக் குதிரை ஓடத் தகுதியுள்ள நிலையில் இருந்ததா என்பதையும் சேர்த்துக் கேட்டால், விதியின் முதல் நோக்கம் நிறைவேறும்.