முக்டன் நகரின் மருத்துவக் குடும்பம்

கொள்ளைநோயின் வரலாற்றை எழுதுவோர், மாண்டார் தொகையைக் கூறி அமைவர். அன்றேல், நோயை வென்ற பேரறிஞர் ஒருவரைப் புகழ்ந்து முடிப்பர். இவ்விரண்டிற்கும் இடையே, அயல்நாட்டிற் குடியேறி, அந்நாட்டார்க்கு மருத்துவஞ் செய்து, அவர்தம் துன்பத்தில் தாமும் பங்கு கொண்ட குடும்பங்கள் சில உள. அத்தகைய குடும்பமொன்று மஞ்சூரியா நாட்டு முக்டன் நகரில் வாழ்ந்தது. அந்நகர் இன்று ஷென்யாங் எனப்படுகின்றது. 1910-11ஆம் ஆண்டுகளில் அந்நாட்டைச் சூறையாடிய பிளேக் நோயின்போது அக்குடும்பம் செய்ததையும், இழந்ததையும், விட்டுச் சென்றதையும் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

ஸ்காட்லாந்து நாட்டில் 1855ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் டூகால்டு கிறிஸ்தி, 1883இல் முக்டனிற் குடியேறினார். அவர் கிறிஸ்து சமயத் தொண்டராகவே வந்தார். இதனை மறைப்பது வரலாறாகாது. ஐரோப்பியர் பீரங்கி வலியாற் சீனத்தின்மீது சுமத்திய உடன்படிக்கைகளே பாதிரிமார்க்கு வழி திறந்தன என்பதும் உண்மை. ஆகலின், ஊரார் அவரை ஐயுற்றதில் வியப்பில்லை. அயல்நாட்டார் குழந்தைகளின் கண்களைப் பறித்து மருந்து செய்கின்றனர் என்று கூடச் சீனத்தில் வதந்தி உலவிய காலம் அது. அவ்வையத்தை வென்றது பிரசங்கமன்று; நோயாளரைத் தொட்டுக் குணப்படுத்திய கைகளேயாம்.

1892இல் அவர் மணந்த இலைசா இங்கிலிஸ் அம்மையார், கணவரோடு அவ்வூர் வாழ்வின் இன்பதுன்பங்களை ஒருங்கே ஏற்றார். 1900ஆம் ஆண்டுக் கலகத்தில் மருத்துவமனை தீக்கிரையாயிற்று. பின்னர் ருஷ்ய-ஜப்பானியப் போர் மஞ்சூரியாவையே களமாக்கிற்று. அத்தனைக்கும் பின்னர் அவர்கள் ஊர் திரும்பவில்லை. மருத்துவமனையையே மீண்டும் எழுப்பினர். சீன இளைஞரை மருத்துவராக்கும் கல்லூரி ஒன்றை முக்டனில் நிறுவுதல் வேண்டும் என்பது கிறிஸ்தியாரின் பெருவிருப்பமாக இருந்தது. அக்கல்லூரியிற் கற்பிக்கவென்றே, கேம்பிரிட்ஜிற் பயின்ற ஆர்தர் ஜாக்சன் என்னும் 26 வயது இளைஞர், 1910ஆம் ஆண்டு நவம்பரில் முக்டன் வந்து சேர்ந்தார்.

அவ்வமயத்திலேயே வடக்கே நோய் கிளம்பிவிட்டது. தர்பகான் எனப்படும் வளைவாழ் விலங்கின் தோலுக்கு ஐரோப்பியச் சந்தையில் விலை ஏறியிருந்தது. நோயுற்ற விலங்கை அணுகலாகாது என்பதை மங்கோலிய வேடர் வழிவழியாய் அறிந்தவர். கூலிக்கு வந்த புதியவரோ அதனை அறியார், அகப்பட்டவற்றையெல்லாம் பிடித்தனர். ருஷ்ய எல்லையிலுள்ள மஞ்சௌலியில் அக்டோபரில் தோன்றிய பிளேக், இருப்புப்பாதை வழியே ஹார்பின் வந்தது. அங்கிருந்து தெற்கே இறங்கிற்று. இஃது எலிகளாற் பரவும் வகையன்று. நுரையீரலைப் பற்றி, இருமலினாலும் மூச்சினாலும் ஒருவரிடமிருந்து ஒருவர்க்குத் தாவும் கொடிய வகை. பற்றப்பட்டோரில் உயிர் தப்பினாரைக் காண்டல் அரிது. சில மாதங்களில் சுமார் 60,000 பேர் மடிந்தனர்.

மடிந்தவருட் பெரும்பாலோர் யாவர்? ஷான்டுங் மாகாணத்தினின்றும் பிழைப்புத் தேடி வடக்கே சென்ற கூலிமக்கள். 1911ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் சீனப் புத்தாண்டு. ஆண்டெல்லாம் உழைத்துச் சேர்த்த சிறுபொருளை மடியிற் கட்டிக்கொண்டு, மனைவி மக்களைக் காண அவர்கள் வண்டி ஏறினர். நோயும் உடன் ஏறிற்று. ஜனவரி நடுவில், 400க்கு மேற்பட்ட கூலிகளை ஏற்றிச் சென்ற வண்டியொன்றில் இறப்பு நேர்ந்தமையால், அது பெருஞ்சுவர் கடலைத் தொடும் ஷான்ஹைகுவானில் தடுக்கப்பட்டு, முக்டனுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. உறைபனிக் காலம். ஊர் செல்லவும் வழியில்லை, இருக்க இடமுமில்லை. நிலையத்தருகே இருந்த சத்திரங்களில் அவர்கள் அடைக்கப்பட்டனர்.

அவர்களைச் சோதிக்கும் பொறுப்பு ஜாக்சனுடையதாயிற்று. வெள்ளை மேலங்கியும், மருந்தில் நனைத்த முகமூடியும், நெடிய காலணியும் அணிந்து, நோயுற்றோரைப் பிரித்து அப்புறப்படுத்தலே நாள்தோறும் அவர் தொழில். ஜனவரி 25இல் அவரே அந்நோயால் இறந்தார். கற்பிக்க வந்தவர் ஒரு நாளேனும் வகுப்பில் நின்றாரல்லர். தம் கல்லூரிக் கனவின் கொழுந்தைப் புதைத்த கிறிஸ்தியார், சீன அதிகாரிகட்கு ஆலோசகராக நோய் தணியுமளவும் தம் பணியில் நின்றார்.

அதே காலத்தில் ஹார்பினில் நிகழ்ந்தது மலாயா மக்கள் மறத்தற்கரியது. பினாங்கில் 1879இல் பிறந்து, பினாங்கு பிரீ ஸ்கூலிற் படித்து, கேம்பிரிட்ஜ் சென்று மருத்துவரான வூ லியன் தே, சீன அரசின் ஆணையால் 1910 டிசம்பரில் அங்குச் சென்றார். நோய் மூச்சினாற் பரவுகின்றது என்று கண்டு, பஞ்சு வைத்துத் தைத்த துணி முகமூடியை யாவரும் அணிய வேண்டுமென்றார். பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அதனை இகழ்ந்தார். முகமூடியின்றி நோயாளரிடம் சென்றார். ஜனவரி 11இல் மாண்டார். ஆங்கிருந்த பிரெஞ்சுக் கத்தோலிக்க மடமொன்று நோயுற்றோரை அரசுக்கு அறிவியாது மறைத்து வைத்தது. அதனுட் புகலடைந்திருந்த சுமார் 300 பேரிற் பெரும்பாலோர் இறந்தனர்.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்குக. மெஸ்னியிடம் கல்வி இருந்தது. அதனைச் செருக்கு மறைத்தது. மடத்தாரிடம் இரக்கம் இருந்தது. அறிவின் துணை இல்லை. இரக்கமும் அறிவும் ஒருங்கு வாய்ந்த ஜாக்சனும் இறந்தாரன்றோ எனின், ஆம், இறந்தார். ஆயினும், அவர் இறப்புப் பிறர்க்கு நோயை ஈந்த இறப்பன்று. பிறரைக் காக்கும்போது நேர்ந்த இறப்பு. பக்தியும் படிப்பும் தனித்தனியே மனிதனைக் காப்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இனி, எம் நெஞ்சைத் தைப்பதொன்று உளது. ஜாக்சனுக்காக மஞ்சூரியாவின் இராஜப்பிரதிநிதி சி லியாங் தாமே இரங்கலுரை கூறினார். அவருடைய அன்னையார்க்கு 10,000 டாலர் அனுப்பினார். அது தகும். ஆயின், அச்சத்திரங்களில் மாண்ட கூலிகட்கு யார் உரை கூறினார்? அவர்தம் அன்னைமார்க்கு எவர் பொருள் அனுப்பினார்? தோட்டத்துப் பேரேட்டில் ஆட்களின் பெயரை நாள்தோறும் எழுதும் தொழிலுடைய எமக்கு, 60,000 என்னும் எண் எண்ணாகத் தோன்றவில்லை. பெயரெழுதப்படாத வரிகளாகவே தோன்றுகின்றது. கடல் கடந்து கூலிக்கு வந்தாரின் வழித்தோன்றல்களாகிய நம்மினும் இதனை அறிவார் யாவர்?

இக்கேள்விக்கு, தான் அறியாமலே விடை தந்தவர் ஜாக்சனின் தாய். மகனுக்கு ஈடாக வந்த பொன்னை அவ்வம்மையார் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. மகன் கற்பிக்க விரும்பிய கல்லூரிக்கே அதனை அளித்துவிட்டார். மருத்துவனொருவன் கடல் கடந்து செல்லுங்கால், தனியே செல்வதில்லை. பெற்றவள் நெஞ்சும் உடன் செல்கின்றது. அந்நெஞ்சு பழிக்குப் பழி நினைத்திருக்கலாம், அந்நாட்டையே வெறுத்திருக்கலாம். அது செய்ததோ, தன் மகனைக் கொன்ற நோயை எதிர்க்கச் சீனரின் பிள்ளைகளை ஆயத்தம் செய்தது.

நோய் வசந்தத்தில் ஓய்ந்தது. 1911 ஏப்ரலில் முக்டனிலேயே பதினொரு நாட்டு அறிஞர் கூடிய பிளேக் மாநாட்டுக்குப் பினாங்கின் மைந்தர் வூ லியன் தே தலைமை தாங்கினார். மறு ஆண்டில், 1912இல், முக்டன் மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. கிறிஸ்தியார் 1936இல் மறைந்தார். அவர் வரலாற்றை எழுதியவர் அவருடைய மனைவியாரே. கல்லூரியோ, 1949இல் சீன மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, முற்றும் அந்நாட்டார் உடைமையாயிற்று.

அயல்நாட்டார் செய்யும் தொண்டினை அளக்க யாம் கொள்ளும் அளவுகோல் இதுவே: அவர்கள் சென்ற பின்னர் அந்நாட்டார் கையில் எஞ்சுவது யாது? மதமாறியோரின் கணக்குப் பயனில்லை. கல்லறையின் உயரமும் பயனில்லை. முக்டனில் எஞ்சியது கல்வி. சத்திரத்தில் மடிந்த கூலியின் பெயரை இனி எவரும் எழுதவியலாது. அவனைப் போன்ற பிறிதொருவன் நோயுற்றுக் கிடக்குங்கால், அவன் மொழியிலேயே பெயர் கேட்டு, நாடி பிடிக்கும் மருத்துவன் ஒருவன் உளனாதல் வேண்டும். அதனினும் மேலான இரங்கலுரை அவனுக்கு வேறில்லை.