சிங்கியும் பைபிள் உமனும்

குற்றாலக் குறவஞ்சி நடத்தும்போது, சிங்கி குறி சொல்ல வரும் இடத்தில் வகுப்பு விழித்துக்கொள்ளும். தலைவி வசந்தவல்லி அழகி, குற்றாலநாதர் மேல் காதல்கொண்டு உருகுகிறவள். ஆனால் பேச்சு சிங்கியுடையது. மலை அவளுடையது, நாடு அவள் சுற்றி அறிந்தது, கடவுள் வருவாரா மாட்டாரா என்று சொல்லும் அதிகாரமும் அவளிடம். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இதைப் பாடி நாயக்க மன்னரிடம் நிலம் பரிசு பெற்றார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில்தான் மேலகரம். நான் தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.

ஒரு மாணவி கேட்டாள்: "மேம், இயேசுவுக்கும் ஒரு குறவஞ்சி இருக்காமே?"

இருக்கிறது. 1774இல் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சி. அங்கே திருச்சபையே தலைவி, தேவமோகினி. அவளுக்குக் குறி சொல்ல வருகிறவள் விசுவாசத்தின் உருவகம். சிங்கனின் பறவை பிடிக்கும் தொழில், ஆத்துமாக்களைச் சேர்க்கும் ஊழியத்துக்கு உருவகமாகிறது. தமிழில் புராட்டஸ்டண்ட் இறையியல் கவிதையாகத் தலையெடுத்த ஆரம்ப காலத்திலேயே அதைப் பேசும் வாய் ஒரு குறத்தியின் வாயாக இருந்தது. இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தஞ்சைச் சபையில் சாதிவாரியாக உட்காரும் வழக்கத்தை ஒழிக்கப் புதிய மிஷனரிகள் முனைந்தபோது, அதை எதிர்த்து எழுதியவரும் இதே சாஸ்திரியார்தான். பாட்டில் வந்த குறத்திக்குக் கோயிலில் எந்தப் பாயில் இடம் கிடைத்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

குறத்தியின் குரல் பிறகு எங்கே போனது? நாடு விடுதலை பெற்ற காலத்து இறையியலில் நான் தேடியது அதைத்தான்.

1938 டிசம்பரில் தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. அதற்குச் சற்று முன்பு சென்னையில் ஒரு புத்தகம் வந்தது. இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுபடி சிந்திப்பது என்பது அதன் பொருள். பி. செஞ்சையா நீதிபதியாக இருந்தவர், வி. சக்கரை வழக்கறிஞர், தொழிற்சங்கவாதி, பின்னர் சென்னை மேயர். மேலைநாட்டுச் சபையின் சட்டதிட்டங்கள் இல்லாமலே கிறிஸ்துவை இந்தியர் நேராகச் சந்திக்க முடியும் என்று துணிந்து சொன்னார்கள். அந்தத் துணிவு எனக்குப் பிடிக்கும். ஆனால் புத்தகத்தில் எழுதிய அத்தனை பேரும் ஆண்கள். பாளையங்கோட்டையில் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927இல் நூல் எழுதினார். 1950இல் கோயம்புத்தூர்ப் பேராயர் ஆனார். இராமானுஜரும் மாணிக்கவாசகரும் அவருக்குக் கைகொடுத்தார்கள். இந்தியத்தன்மை எங்கே இருக்கிறது என்று தேடியவர்கள் வேதாந்தத்திலும் பக்தி நூல்களிலும் தேடினார்கள். அம்மன் கொடையில், ஒப்பாரியில், குறிகாரியின் வாக்கில் யாரும் தேடவில்லை.

1947 செப்டம்பர் 27 அன்று, விடுதலை கிடைத்து 43ஆம் நாள், சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஏற்கெனவே ஒன்றுபட்டிருந்த பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் எல்லாம் ஒன்றாயின. 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு. அதை நடத்தியவர்களில் முதன்மையானவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. கனி பழுக்குமுன் 1945இல் இறந்துபோனார். உலகத் திருச்சபை வரலாற்றிலேயே பெரிய காரியம் இது, மறுக்கவில்லை. ஆனால் அந்த 28 வருடமும் பெரிய சிக்கலாக இருந்தது, யார் தலையில் யார் கைவைத்தால் குருத்துவம் செல்லும் என்பது. ஒரு பெண்ணின் தலை அந்தக் கணக்கிலேயே இல்லை. தென்னிந்தியத் திருச்சபையில் எலிசபெத் பால் முதல் பெண் குருவாக அபிஷேகம் பெற்றது 1976இல். குடியரசுக்குப் பெண் பிரதமர் கிடைத்துப் பத்து வருடம் ஆகியிருந்தது. முதல் பெண் பேராயர் புஷ்பலலிதா, நந்தியால், 2013.

சுதேசி என்றாலே பெண்ணுக்கு நல்லது என்று எண்ணிவிடவும் முடியாது. 1857இல் நாசரேத் பக்கத்தில் சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம், மிஷனரிகளோடு முரண்பட்டு வெள்ளைக்காரர் சார்பில்லாத தனிச் சபையைத் தொடங்கினார். நாடார் மக்களைப் பற்றிக் கால்டுவெல் 1849இல் எழுதிய நூலின் இழிவு அவரைச் சுட்டிருந்தது. நியாயமான கோபம். ஐரோப்பிய வழக்கங்களை விலக்கிப் பழைய ஏற்பாட்டுக்குத் திரும்பினார், சனிக்கிழமை ஓய்வுநாளாயிற்று. கூடவே லேவியராகமத்துத் தீட்டு விதியும் வந்தது. மாதவிலக்கான பெண் ஒதுங்கி இருக்க வேண்டும். அந்நியரிடமிருந்து மீட்ட சுயமரியாதையின் விலையில் ஒரு பங்கு வீட்டுப் பெண்கள் தலையில் விழுந்தது.

என் ஆச்சி பைபிள் உமன். தென்காசியைச் சுற்றி இலஞ்சி, வல்லம், காசிமேஜர்புரம் என்று வெயிலில் நடந்தவள். பைபிள் உமன் என்றால் எழுதப் படிக்கத் தெரிந்த, பெரும்பாலும் விதவையான ஒரு பெண். ஆண் உபதேசியார் நுழைய முடியாத அடுக்களைக்குள் போய் உட்கார்ந்து வேதம் வாசிப்பாள், எழுத்துச் சொல்லிக் கொடுப்பாள், பிரசவத்துக்கும் சாவுக்கும் நிற்பாள். சம்பளம் சொற்பம். ஒரு வீட்டில் குழந்தை ஞானஸ்நானம் பெறாமலே செத்துப்போக, தாய் கேட்டாளாம், பிள்ளை எங்கே போகும் என்று. புத்தகத்தில் அதற்குப் பல பதில்கள் உண்டு. ஆச்சி சொன்னதாக அம்மா சொல்வாள்: "ஏட்டி, பெத்தவ மடியில இருந்து எடுத்தவரு கீழ போட்டுருவாரா?"

எங்கள் சேகரத்தின் நூற்றாண்டு மலரில் குருவானவர்கள் எல்லாருக்கும் படம் உண்டு, ஆண்டு உண்டு. பைபிள் உமன்களுக்கு ஒரு வரி: பெண் ஊழியர்கள் சிலரும் உழைத்தனர்.

இலக்கணம் படிப்பிக்கிறவளுக்கு இன்னொரு உறுத்தல். கடவுளுக்குத் தமிழ் புராட்டஸ்டண்டுகள் வைத்த பெயர்களைப் பாருங்கள். சீகன்பால்கு சர்வேசுரன் என்றார். பப்ரிசியுஸ் பராபரன் என்றார். 1871இல் ஹென்றி பவர் குழு முடித்த திருப்புதலில் தேவன் வந்தார். எங்கள் கோயில்களில் இன்றும் வாசிக்கப்படுவது பெரும்பாலும் அதுதான். மூன்றும் னகர ஈறு, ஆண்பால். ஆனால் வாக்கியத்தின் கடைசியில் வினைமுற்று மரியாதையாக ஆர் என்று முடிகிறது. 'அவர்' என்பது பலர்பால், அதில் ஆண் பெண் பிரிவில்லை. ஆங்கிலக்காரரும் ஜெர்மானியரும் ஆண் சுட்டுப்பெயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த இடத்தில், தமிழ் சும்மாவே ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது. ஆவி என்ற சொல் எபிரெயத்தில் பெண்பால், கிரேக்கத்தில் இரண்டுமில்லை. தமிழில் அஃறிணையாக நின்றதை 'ஆவியானவர்' ஆக்கினார்கள். ஆண்பாலாக்க வேண்டிய அவசியம் வரவில்லை. 1995இல் கத்தோலிக்கரோடு சேர்ந்து வெளியிட்ட திருவிவிலியத்தில் 'கடவுள்' வந்தபோது அந்த ஈறும் போயிற்று. எங்கள் பக்கத்துச் சபைகள் அதை வீட்டுக்குள் விடவில்லை.

தேசத்தைக் கட்டுவதில் கிறிஸ்தவர் பங்கு என்ன என்று 1950களில் பெங்களூரில் தேவநந்தனும் எம். எம். தாமஸும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதே குடியரசு, 1950ஆம் ஆண்டின் ஓர் ஆணையால் கிறிஸ்தவ தலித்துகளைப் பட்டியல் சாதியிலிருந்து விலக்கி வைத்திருந்தது. கட்டுகிற வீட்டில் யாருக்கு அறை இல்லை என்ற கேள்வி பிந்தித்தான் எழுந்தது. 1981 பிப்ரவரியில், குற்றாலத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க மீனாட்சிபுரத்தில், நூற்றுக்கணக்கான தலித்துகள் இஸ்லாத்தைத் தழுவினார்கள். தில்லி வரை அதிர்ந்தது. நூறு வருடத்துக்கு மேல் இந்த வட்டாரத்தில் மணி அடித்துக்கொண்டிருந்த எங்கள் கோயில்களை நோக்கி அவர்கள் ஏன் வரவில்லை? உள்ளே பாய்கள் எப்படி விரித்திருந்தன என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம். அடுத்த இரண்டாம் மாதம் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்துதான் தலித் இறையியலின் தொடக்கத்தைக் கணக்கிடுகிறார்கள். அதற்குள்ளும் பெண்கள் தங்களுக்கு இடம் கேட்டு வாதாட வேண்டியிருந்தது.

மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில்தான் இந்த இழைகள் ஒன்றுசேர்ந்தன. ஜெர்மனியில் பிறந்து இங்கேயே தங்கிவிட்ட கேப்ரியேல் டீட்ரிச் அங்கே கற்பித்தார். பெண்ணுரிமை இயக்கத்தில் குடிசைப் பெண்களோடு நின்றார். பெண்ணின் உதிரத்தை நற்கருணையின் உதிரத்தோடு வைத்து எழுதினார். சட்டாம்பிள்ளை சபையில் ஒதுக்கப்பட்ட அதே உதிரம். பரட்டை என்று அழைக்கப்பட்ட தியாபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டையே இயற்றினார். ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து உண்பதைத்தான் அவர் நற்கருணை என்று கண்டார். கடவுளைப் பிதா என்று கூப்பிடாமல் 'பெத்தவரே' என்றார். வினையாலணையும் பெயர், பலர்பால். தாய்க்கும் பொருந்தும், தகப்பனுக்கும் பொருந்தும். முந்நூறு வருடமாகத் தமிழ் சும்மா வைத்திருந்த வாசல் வழியாக ஒருவர் உள்ளே போனார். ஆச்சி அவரைக் கேள்விப்பட்டிருக்க வழியில்லை.

போன வருடம் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். இதையெல்லாம் சொன்னேன், 'பெத்தவரே' உட்பட. ஒரு பெரியம்மா கையைத் தூக்கினார். "அது ஒப்பாரியில்லா? சாவு வீட்டுல சொல்லுதது. கோயில்ல சொல்லலாமா?" சொன்னால் என்ன என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். கொஞ்சநேரம் ஒரே சத்தம். ஐயரம்மா சிரித்துவிட்டு, "சரி, ஜெபத்தோட முடிப்போம்" என்று எழுந்தார். கண்ணை மூடி, ஒரு கணம் தயங்கி, "பிதாவே" என்று தொடங்கினார்.