சிற்றலையில் வந்த சீனம்

“மா” என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள். நமக்கு அது மாமரம். அல்லது இட்லி மா. சீனர் ஒருவரிடம் சொன்னால் “எந்த மா?” என்று கேட்பார். சுருதியை உயர்த்திச் சமமாக நிறுத்தினால் அம்மா. கீழிருந்து மேலே ஏற்றினால் சணல். தாழ்த்திப் பிறகு ஏற்றினால் குதிரை. மேலிருந்து சட்டென்று இறக்கினால் திட்டுதல்! (பழந்தமிழிலும் “மா” என்பதற்குக் குதிரை என்ற பொருள் உண்டு. தற்செயல்தான், யாரும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிட வேண்டாம்.)

இப்படிப்பட்ட மொழியை ஆசிரியர் இல்லாமல், வீட்டிலுள்ள சாதனங்களைக் கொண்டே கற்க முடியுமா? புத்தகம் மட்டும் போதாது. அச்சில் சுருதி கேட்காது. குரலைச் சுமந்து வரும் கருவி ஒன்று வேண்டும். அந்தக் கருவியின் கதையில் இயற்பியல் மாணவர்களாகிய உங்களுக்கும் பங்குண்டு.

முதலில் வந்தது இசைத்தட்டு. சாவோ யுவான்ரென் (1892–1982) என்ற சீன அறிஞர் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர். அங்கேயே இயற்பியலும் கற்பித்தவர். பின்னர் மொழியியலுக்குப் போய்விட்டார். (இயற்பியலுக்கு நஷ்டம் என்றுதான் நான் சொல்வேன்.) சீனாவுக்கென ஒரு குழு கூடி வகுத்த “தேசிய உச்சரிப்பை” 1921இல் நியூயார்க்கில் அவர் இசைத்தட்டுகளில் பதிவு செய்தார. பல வட்டாரங்களின் ஒலிகளைக் கலந்து செய்த உச்சரிப்பு அது. எவருக்கும் தாய்மொழி அன்று. ஆகவே பல ஆண்டுகள் அதைப் பேசிய ஒரே மனிதர் தாமே என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பின்னர் பெய்ஜிங் பேச்சே அடிப்படையாக ஏற்கப்பட்டது.

அவருடைய இன்னொரு செயல் நமக்கு நெருக்கமானது. 1930இல் அவர் சுருதியை வரைபடமாக எழுதும் முறையைத் தந்தார். செங்குத்துக் கோடு ஒன்று. அதில் 1 முதல் 5 வரை படிகள். அம்மா 5–5, சணல் 3–5, குதிரை 2–1–4, திட்டுதல் 5–1. கிடையச்சில் காலம், நிலையச்சில் சுருதி. நாம் ஆய்வுக்கூடத்தில் கட்டத்தாளில் போடும் அதே வரைபடந்தான்!

தமிழருக்கு அந்த மொழியைக் கொண்டுவந்த கருவி சிற்றலை வானொலி. 1963 ஆகஸ்ட் 1ஆம் நாள் பீகிங் வானொலி தன் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. எல்லைப் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அரசியல் நோக்கம் இருந்தது என்பதை மறைப்பானேன்? ஆயினும் காலப்போக்கில் நேயர் மன்றங்கள் தோன்றின, கடிதங்கள் குவிந்தன. அங்கே தமிழ் பேசியவர்களில் பலர், தமிழைப் பாடமாகப் படித்துத் தமிழ்ப் பெயரும் சூட்டிக்கொண்ட சீனர்கள். தமிழ்ப் பிரிவின் தலைவராக இருந்த சாவோ சியாங் அம்மையார் நேயர்களுக்குக் கலையரசி. பிற்காலத்தில் “தமிழ் மூலம் சீனம்” என்ற பாடமும் வந்தது.

அந்தப் பாடத்தை நான் தாம்பரத்தில், அப்பாவின் பழைய டிரான்சிஸ்டரில் கேட்டேன். ரயில் பாதையை ஒட்டிய வீடு. கடற்கரை–தாம்பரம் பாதை 1931இலேயே மின்மயமானது; அதில் ஓடும் ஒவ்வொரு மின்ரயிலும் மேற்கம்பியில் பொறி பறக்கவிட்டு என் பாடத்தில் “கரகர”வென்று ஒரு வரியைத் தின்றுவிட்டுப் போகும். போதாக்குறைக்குக் குரல் வேறு அலைபோல ஓங்கும், தேயும். அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலைகள் பல பாதைகளில் வந்து சேர்வதால் ஏற்படும் குறுக்கீட்டு விளைவு அது.

இந்த அமளியில் சுருதி எப்படிப் பிழைக்கும்? இதுதான் என்னை வியக்க வைத்த செய்தி. குறுக்கீடு அலையின் வீச்சைக் கூட்டும், குறைக்கும். குரலின் அதிர்வெண்ணை மாற்றாது. குரல் தேய்ந்தாலும் ஏறுகிற சுருதி ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆணின் குரலில் அடிப்படை அதிர்வெண் சுமார் 120 ஹெர்ட்ஸ். சிறிய டிரான்சிஸ்டரின் உள்ளங்கையளவு ஒலிபெருக்கி அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சரியாக எழுப்பாது. எழும்பாத ஒலியின் சுருதியை நாம் எப்படிக் கேட்கிறோம்? 240, 360, 480 என்று மேற்சுரங்கள் மட்டும் காதில் விழுகின்றன. அவற்றுக்கிடையே உள்ள 120 என்ற இடைவெளியைக் கொண்டு மூளை, இல்லாத அடிச்சுரத்தைத் தானே உணர்ந்துகொள்கிறது. 1841இல் சீபெக் என்ற ஜெர்மானியர், துளையிட்ட வட்டைச் சுழற்றிக் காற்றை ஊதும் சைரனைக் கொண்டு இதைக் கண்டார். அதை மறுத்தவர் யார் தெரியுமா? மின்தடை விதி தந்த நம் ஓம்! நெடுநாள் ஓமின் பக்கமே வென்றது. 1940இல் ஹாலந்தில் பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஷௌட்டன் சீபெக்கின் கட்சிக்கு மீண்டும் உயிர் கொடுத்தார்.

ஆகச் சீன மொழியின் கடினமான பகுதி என்று எல்லாரும் அஞ்சுகிற சுருதி, மலிவான வானொலியிலும் பத்திரமாக வந்து சேர்ந்தது. நான் கட்டத்தாளில் வரைந்து வரைந்து பழகினேன். நான்கு என்பது “ஸ்”, பத்து என்பது “ஷ்” என்று தொடங்கும் சொற்கள். அந்த வேறுபாடு என் காதில் விழவே இல்லை. ஆனால் நான்கு இறங்கும், பத்து ஏறும், அதைக்கொண்டு தப்பித்தேன்.

எல்லா இடத்திலும் தப்ப முடியவில்லை. “ஸ்” போன்ற உரசொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. சிற்றலையில் நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கியடித்து நிற்பதால், சுமார் 4500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை வெட்டிவிடுகிறார்கள். பட்டு, கவிதை, மேற்கு ஆகிய மூன்று சீனச் சொற்களும் ஒரே சமச் சுருதி கொண்டவை. முதல் மெய்யில்தான் பெரிய வேறுபாடு. எனக்கு மூன்றும் ஒரே “சீ”யாகத்தான் கேட்டன! தமிழ் எழுத்தில் குறித்து வைத்ததும் என் தவறே. நம் சகரம் மூன்றையும் ஒன்றாக்கிவிட்டது.

ஜப்பானிய மொழியோ தமிழ் மாணவருக்கு வேறு வகையில் கைகொடுக்கிறது. வினைச்சொல் கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னே நிற்கும். அகரவரிசையைப் பாருங்கள்: உயிர்கள் அ, இ, உ, எ, ஒ. அடுத்து க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. இதில் “ஹ” முற்காலத்தில் “ப”வாக இருந்தது. அதை வைத்துப் படித்தால் நம் நெடுங்கணக்கேதான்! பௌத்தத் துறவிகள் சமஸ்கிருத எழுத்தைக் கற்றதன் வழியே இந்திய வரிசை அங்கே போயிற்று. இதனால் தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்று ஆகிவிடாது. சுசுமு ஓனோ என்ற பேராசிரியர் இரண்டுக்கும் உறவு உண்டு என்று வாதிட்டார். மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. சுருதி இங்கேயும் கொஞ்சம் உண்டு. “ஹாஷி” என்பதை டோக்கியோவில் உயர்ந்து தாழச் சொன்னால் உணவுக் குச்சி. தாழ்ந்து உயரச் சொன்னால் பாலம்.

ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஜப்பானிய நிறுவனங்கள் வந்தபின், என் மாணவர்களில் சிலர் மின்ரயிலில் கைப்பேசியைக் காதில் வைத்தபடி அந்த மொழியைப் பயில்கிறார்கள். அவர்களுக்கு 4500 ஹெர்ட்ஸ் வேலி இல்லை. பிராட் என்ற இலவச மென்பொருள் கணினியில் சுருதிக் கோட்டையும் வரைந்து காட்டும்; சாவோவின் ஐந்து படிகளோடு உங்கள் “மா”வை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அதே மென்பொருளில்தான் பட்டையும் கவிதையையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். 4500 ஹெர்ட்ஸுக்கு மேலே, என் டிரான்சிஸ்டர் ஒருநாளும் தராத இடத்தில், “ஸ்”ஸின் கறுப்புத் திட்டு அடர்ந்து நின்றது. “ஷ்” அதற்கு வெகு கீழேயே தொடங்கியிருந்தது. கண்ணால் கண்ட பிறகு ஒரு வாரத்தில் காதும் பிரித்துக் கேட்டது. மேற்கு மட்டும் இன்னும் சில வேளை கவிதையாகிவிடுகிறது.