பினாங்கு மேடையில் ஒரு பச்சைத் தேவதை

மானிட இளவரசனைக் காதலித்த தேவகன்னிகையும், அவள் சொற்படி ஆகாயமார்க்கமாக அவனைச் சுமந்து வந்த கரிய பூதமும் பினாங்கு ரசிகர்களை மகிழ்வித்த கதை, லக்னோவில் 1853-ஆம் ஆண்டையொட்டி ஆகா ஹஸன் அமானத் என்ற கவிஞர் உருதுவில் இயற்றிய ‘இந்திர சபா’ நாடகத்திலிருந்து தொடங்குகிறது. காதலனைத் தேவசபைக்கு ஒளித்து அழைத்துச் சென்று அகப்பட்டுக்கொண்ட பச்சைத் தேவதை, சிறகுகள் அறுபட்டுத் துரத்தப்பட்ட பின்னும் மனம் தளராமல், யோகினி வேஷம் பூண்டு, அதே கரிய பூதத்தின் துணையால் மீண்டும் சபையேறிப் பாடி, இந்திரனிடமே காதலனைப் பரிசாகக் கேட்டுப் பெறுகிறாள். பாட்டையே ஆயுதமாக்கிய இந்தப் பெண்ணைக் காட்டிலும் இனிய நாயகியை நான் அறியேன்.

பம்பாயில் செழித்த பார்சி நாடகக் குழுக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல் கடந்து பினாங்கில் இறங்கி, இத்தகைய கதைகளை ஹிந்துஸ்தானியில் நடித்துக் காட்டின. பாஷை விளங்காதவர்களும் சங்கீதத்திலும் ஜோடனையிலும் மயங்கினர். அந்த மோகத்தை உணர்ந்து, மலாய் மொழியில் நடிக்க 1885-இல் மாமாக் புஷி என்பவர் இங்கே ஸ்தாபித்த குழுவே ‘புஷி இந்திரா பங்சாவான்’. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற பேதமின்றி யாவரும் கூடி ரசித்த அந்தக் கலை, பின்னர் சிங்கப்பூர், சுமத்ரா, ஜாவா வரை பிரயாணம் செய்தது. பங்சாவான் என்ற மலாய்ச் சொல்லுக்குப் பிரபு வம்சத்தார் என்பது பொருள். அதற்கு முன் நின்ற ‘இந்திரா’ என்ற அடைமொழியிலோ அந்தப் பழைய தேவசபையின் ஞாபகம் ஒலித்தது.