பாவியின் எலும்பும் ஒரு பழங்குளமும்

1726ஆம் ஆண்டு சூரிக் நகரில் ஒற்றைத் தாள் ஒன்று அச்சாகி வெளிவந்தது. தாளில் மரச்செதுக்குப் படம்: கல்லில் பதிந்த அகன்ற மண்டையோடு, இரண்டு பெரிய கண்குழிகள், அவற்றின் கீழே நீண்டிறங்கும் முதுகெலும்பு. 'பிரளயத்துக்குச் சாட்சியான மனிதன்' என்று இலத்தீன் மொழியில் தலைப்பு. நோவாவின் காலத்து வெள்ளத்தில் மூழ்கிய பாவிகளுள் ஒருவனின் எலும்புக்கூடு இது என்று அறிவித்தவர் அந்நகரத்து மருத்துவரான யோகான் யாக்கோப் ஷாய்க்சர். முந்தைய ஆண்டில்தான் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு அருகே ஓனிங்கன் என்னும் ஊரின் கல்குவாரியில் அந்தக் கல் கிடைத்திருந்தது.

அறிவியல் வரலாற்று நூல்கள் ஷாய்க்சரை ஒரு நகைச்சுவைப் பாத்திரமாகவே அறிமுகம் செய்கின்றன. அது அநியாயம் என்று நமக்குத் தோன்றுகிறது. கல்லுக்குள் காணும் சங்கும் மீனும் இயற்கையின் விளையாட்டு, அவை ஒருநாளும் உயிரோடு இருந்ததில்லை என்று கற்றோர் பலரும் நம்பிய காலம் அது. தொடக்கத்தில் ஷாய்க்சரும் அவ்வாறே நம்பியவர்தான். ஆங்கிலேயரான ஜான் உட்வர்டின் நூலைப் படித்து மனம் மாறினார். 1704இல் அந்நூலை இலத்தீனில் மொழிபெயர்த்தார். 1708இல் 'மீன்களின் முறையீடு' என்ற பொருள்படும் நூல் ஒன்றை எழுதினார். அதில் புதைபடிவ மீன்களே எழுந்து வழக்காடுகின்றன: மனிதர் செய்த பாவத்துக்காக நாங்கள் மாண்டோம், இன்றோ அவர்களின் சந்ததியார் எங்களை மீன் என்றுகூட ஒப்ப மறுக்கிறார்கள்! கிளியையும் வண்டையும் தூது அனுப்பிய மரபில் வந்த நமக்கு இந்த உத்தி அந்நியமாகத் தோன்றாது.

ஆக, அந்தக் காலத்தின் பெரிய விவாதத்தில் அவர் சரியான பக்கத்தில் நின்றவர். மலையுச்சியில் மீன் எப்படி வந்தது என்ற கேள்விக்கு அவர் கையில் இருந்த ஒரே விடை பிரளயம். ஆனால் அந்த விடையில் ஒரு குறை இருந்தது. மீன் கிடைக்கிறது, சங்கு கிடைக்கிறது, இலை கிடைக்கிறது. யாருக்காக வெள்ளம் வந்ததோ அந்த மனிதனை மட்டும் காணோம். ஜெர்மனியின் ஆல்ட்டார்ஃப் ஊரில் கிடைத்த முள்ளெலும்புகளை அவர் முன்பே மனித எலும்பு என்று முடிவு செய்திருந்தார். அவை உண்மையில் இக்தியோசார் என்னும் கடல்வாழ் ஊர்வனவற்றுக்கு உரியவை. தேடியவனுக்கு ஓனிங்கன் கல் வந்து சேர்ந்தபோது, மனித உடலை நன்கறிந்த அந்த மருத்துவரின் கண்கள் பார்க்க விரும்பியதையே பார்த்தன.

அடுத்து வந்தவர்களும் தடுமாறவே செய்தார்கள். 1758இல் கெஸ்னர் அதைக் கெளுத்தி இன மீன் என்றார். 1787இல் டச்சு உடற்கூற்றியலாளர் பீட்டர் காம்பர் அதைப் பல்லி இனம் என்றார். 1802இல் அந்தக் கல் ஹார்லெம் நகரின் டெய்லர்ஸ் அருங்காட்சியகத்துக்கு விலைக்குப் போனது. 1811இல் அங்கே வந்தார் ஜார்ஜ் குவியே. சாலமாண்டர் ஒன்றின் எலும்புக்கூட்டு வரைபடத்தை அருகே வைத்துக்கொண்டு, முன்னங்கால்கள் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே கல்லைச் செதுக்கச் செய்தார். எதிர்பார்த்த இடத்திலேயே கால்கள் வெளிப்பட்டன. மனிதனும் இல்லை, மீனும் இல்லை, பல்லியும் இல்லை. தவளைக்கு உறவான, வாலுள்ள இருவாழ்வி.

சாண் நீளச் சாலமாண்டர்களையே கண்டு பழகிய ஐரோப்பாவில் இப்படியொரு பேருருவம் எங்கிருந்து வந்தது? அதன் உயிருள்ள உறவினர் ஜப்பானின் மலையோடைகளில் இருப்பது, ஸீபோல்ட் 1830ஐ ஒட்டி ஒன்றை உயிரோடு லெய்டனுக்குக் கொண்டுவந்த பிறகே ஐரோப்பியருக்குத் தெளிவாயிற்று. 1837இல் சூடி அப்பேரினத்துக்கு 'மனித உரு' என்னும் பொருளில் ஆண்ட்ரியாஸ் என்று பெயரிட்டார். ஓனிங்கன் இனத்தின் பெயரில் ஷாய்க்சரும் இடம்பெற்றுவிட்டார். கரெல் சாப்பெக் 1936இல் வெளியிட்ட 'சாலமாண்டர்களுடன் போர்' நாவலில் மனிதகுலத்தோடு மோதும் உயிரினத்துக்கு இதே பெயர்தான்.

ஓனிங்கன் அடுக்குகள் ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய, மயோசீன் காலத்து ஏரிப் படிவுகள். அங்கே கிடைத்த இலைகளையும் பூச்சிகளையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓஸ்வால்ட் ஹேர் ஆராய்ந்தார். இன்றைய சுவிட்சர்லாந்தைவிட வெப்பமான நிலம் ஒன்று அவற்றிலிருந்து எழுந்து வந்தது. அந்த நீர்நிலையில் சாலமாண்டர் தனியாக வாழவில்லை. கடிக்கும் தாடை கொண்ட ஓர் ஆமை இருந்தது. அதன் குடும்பம் இன்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உள்ளது. பெரிய தவளை ஒன்றும் இருந்தது. ஹெர்மன் ஃபான் மாயர் 1843இல் அதற்கு லட்டோனியா என்று பெயரிட்டார். அந்தப் பேரினம் முற்றாக அழிந்துவிட்டது என்பதே நெடுங்காலம் அறிஞர் முடிவு.

இங்கே கதை இஸ்ரேலின் ஹூலா பள்ளத்தாக்குக்குத் திரும்புகிறது. கருவயிற்றில் வெண்புள்ளிகள் கொண்ட ஒரு தவளை அங்கே கண்டெடுக்கப்பட்டு 1943இல் விவரிக்கப்பட்டது. 1950களில் ஹூலா ஏரியும் சதுப்பும் வடிக்கப்பட்டன. 1955க்குப் பின் தவளை எவர் கண்ணிலும் படவில்லை. 1996இல் அழிந்ததாக அறிவிக்கப்பட்டது. வடிக்காமல் எஞ்சிய சிறு காப்பகத்தில் 2011இல் அது மீண்டும் கிடைத்தது. 2013இல் அதன் எலும்பமைப்பையும் மரபணுவையும் ஆராய்ந்தவர்கள் கண்டது இன்னும் பெரிய வியப்பு: அது லட்டோனியா. ஓனிங்கன் தவளையின் பேரினத்தில் இன்று உயிரோடு இருப்பது இது ஒன்றே.

ஒரே குளத்தில் கூடி வாழ்ந்தவற்றின் உறவினரைத் தேடி இன்று கீழை ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஹூலாவுக்கும் செல்ல வேண்டியிருக்கிறது. யானையைப்போல் நெடுந்தொலைவு நடக்க இயலாத, ஈரத்தோலோடு பிறந்த இருவாழ்விகள் பழங்காலத்தின் மழைக்கணக்கை நம்பகமாகச் சொல்பவை. கடலின் உப்பு நீரைக் கடப்பது அவற்றுக்கு அரிது; ஆகவே இரண்டு நிலங்களில் ஒரே இனம் கிடைத்தால் இடையே தரைவழி இருந்ததா என்று கேட்கலாம். ஆண்ட்ரியாஸ் படிவங்கள் கிடைக்கும் காலங்களும் இடங்களும் பெரும்பாலும் மழை மிகுந்தவை. மயோசீனுக்குப் பின் ஐரோப்பா படிப்படியாகக் குளிர்ந்தது, பனியுகங்கள் வந்தன. ஒரு காலத்தில் பரந்து கிடந்த விலங்குக் கூட்டம் துண்டுதுண்டாக ஒதுங்கிப்போனது. இன்று எந்த விலங்கு எங்கே வாழ்கிறதோ அதுவே அதன் பூர்வீகம் என்று கொள்வது பெரும்பாலும் பிழை. ஜப்பானியச் சாலமாண்டர் என்று நாம் சொல்வது, மிச்சத்துக்கு வைத்த பெயர்.

அந்த மிச்சமும் சுருங்குகிறது. சீனத்தில் ஆண்ட்ரியாஸ் உணவுக்காகப் பண்ணைகளில் பெருந்தொகையாக வளர்க்கப்படுகிறது. 2013 முதல் 2016 வரை அந்நாட்டின் ஓடைகளில் விரிவாகத் தேடிய ஆய்வாளர்களுக்குக் கிடைத்தவை மிகச் சில. அவையும் பண்ணையிலிருந்து விடப்பட்டவையாக இருக்கலாம் என்று அவர்கள் ஐயுற்றனர்.